உயர்நிலைப் பள்ளியில் இயற்கைத் தேர்வைக் கற்பித்தல்

இயற்கைத் தேர்வு என்பது உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாற்றமடைவதற்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகும். ஓர் இனக்கூட்டத்தில் பிறக்கும் உயிர்கள் அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி இருப்பதில்லை. அவற்றுக்கிடையேயான வேறுபாடுகளுள் சில, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்கின்றன. பிறக்கும் எல்லா உயிர்களும் வளர்ந்து இனம்பெருக்கும் வரை பிழைத்திருப்பதில்லை. எவை பிழைத்து அதிக வாரிசுகளை விட்டுச்செல்கின்றன என்பது ஓரளவு அந்த வேறுபாடுகளைப் பொறுத்தது. இந்த நான்கையும் ஒப்புக்கொண்டால் அடுத்த தலைமுறையில் விகிதங்கள் மாறும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

1858 சூலை 1 அன்று இலண்டன் லின்னேயன் கழகத்தில் சார்லஸ் டார்வின், ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் ஆகிய இருவரின் குறிப்புகளும் ஒன்றாக வாசிக்கப்பட்டபோது முன்வைக்கப்பட்ட கருத்தின் சாரம் இதுவே. டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூல் அடுத்த ஆண்டு, 1859 நவம்பரில் வெளிவந்தது. கடினமான கணிதமோ விலையுயர்ந்த ஆய்வுக் கருவியோ இதைப் புரிந்துகொள்ளத் தேவையில்லை. ஆயினும் மாணவர்கள் படித்து, தேர்வில் எழுதி, முழு மதிப்பெண்ணும் பெற்று, அதன் பின்னும் தவறாகவே மனத்தில் வைத்திருக்கும் உயிரியல் பாடங்களுள் இது முன்வரிசையில் நிற்கிறது.

மாணவர்கள் எழுதும் விடை

அமெரிக்காவில் பெத் பிஷப், சார்லஸ் ஆண்டர்சன் ஆகியோர் 1990 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கல்லூரி மாணவர்களிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வி இன்றுவரை பல நாடுகளில் வகுப்பறைகளில் பயன்படுகிறது. சிவிங்கிகள் மணிக்கு 60 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகின்றன. அவற்றின் மூதாதைகள் மணிக்கு 20 மைல் வேகத்தில்தான் ஓடின என்று வைத்துக்கொண்டால், இந்த வேகம் எப்படி வந்தது என ஓர் உயிரியலாளர் விளக்குவார்? இதுவே அக்கேள்வி.

பெரும்பாலும் வரும் விடை இவ்வாறு அமையும்: இரை வேகமாக ஓடியது, சிவிங்கிக்கு உணவு கிடைக்கவில்லை, எனவே அது வேகமாக ஓட முயன்றது, கால்கள் வலுப்பெற்றன, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூடியது. படிக்கும்போது இதில் தவறு இருப்பதாகவே தோன்றாது. ஆனால் இந்த விடையில் ஒரே ஒரு சிவிங்கிதான் இருக்கிறது. அது பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்து, தன் தேவைக்கேற்பத் தானே மாறுகிறது. வேறுபாடு, மரபு, இறப்பு, பிறப்பு ஆகிய நான்கில் ஒன்றுகூட விடைக்குள் நுழையவில்லை.

இத்தகைய விடையை 'லாமார்க்கியம்' என்று பெயரிட்டுத் திருத்துவது பல ஆசிரியர்களின் வழக்கம். 1809 இல் நூல் எழுதிய லாமார்க் மீது பழியைப் போடுவது எளிது. ஆனால் மாணவர் யாரும் லாமார்க்கைப் படித்துவிட்டு இவ்வாறு எழுதுவதில்லை. தனக்கு வேண்டியதைத் தேடி முயன்று பெறுவதே அன்றாட வாழ்வில் ஒவ்வொருவரும் காணும் மாற்றம். உடற்பயிற்சி செய்தால் தசை வளர்கிறது, பழகினால் வெயிலைத் தாங்க முடிகிறது. அந்த அனுபவத்தையே மாணவர் சிவிங்கியின் மீது ஏற்றுகிறார்.

வாழ்நாளில் பெற்ற மாற்றம் பிள்ளைக்குச் செல்வதில்லை என்பதைக் காட்ட, ஜெர்மன் உயிரியலாளர் ஆகஸ்ட் வைஸ்மான் பல தலைமுறை எலிகளின் வாலை வெட்டிப் பார்த்தார் என்பது பாடநூல்களில் வரும் செய்தி. தமிழ் வகுப்பறைக்கு அந்த எலிகள் தேவையில்லை. காதுகுத்து விழா இருக்கிறது. எத்தனையோ தலைமுறைகளாகக் காது குத்தி வரும் குடும்பங்களில் இன்றுவரை ஒரு குழந்தைகூடத் துளையுள்ள காதோடு பிறந்ததில்லை. மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட நினைவுள்ள மாணவர்களுக்கு இது ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

'கொள்' என்னும் துணைவினை

தவறான புரிதலில் மொழிக்கும் பங்கு உண்டு. தமிழில் இது பெரிதும் கவனிக்கப்படாத செய்தி. "பாலைவனச் சூழலுக்கு ஏற்ப ஒட்டகம் தன்னைத் தகவமைத்துக்கொண்டது" என்பது பாடநூல், நாளிதழ், தொலைக்காட்சி என எங்கும் காணப்படும் வாக்கிய அமைப்பாகும். இதில் 'தன்னை' என்னும் சொல்லும் 'கொள்' என்னும் துணைவினையும் சேர்ந்து, ஒட்டகத்தைச் செயலின் கருத்தாவாக ஆக்கிவிடுகின்றன. சட்டை போட்டுக்கொண்டான், தலை வாரிக்கொண்டாள் என்பவற்றில் உள்ள அதே 'கொள்'தான் இது. தன் நன்மைக்காகத் தானே செய்த செயல் என்பதே அதன் பொருள். ஆசிரியர் பாடம் முழுவதையும் சரியாக நடத்திவிட்டு, கடைசியில் இந்த ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதினால், மாணவர் மனத்தில் தங்குவது அந்த வாக்கியமே.

மாற்று வாக்கியம் சற்று நீளமானது: "நீரிழப்பைத் தாங்கும் திறன் மிகுந்திருந்த ஒட்டகங்கள் அதிகக் கன்றுகளை விட்டுச்சென்றன, ஆகவே அத்திறன் கூட்டத்தில் பெருகியது." இதில் எழுவாய் பன்மையில் உள்ளது, வினை 'விட்டுச்சென்றன' என்பதாகும். வகுப்பில் ஒருவகை இலக்கணப் பயிற்சியாகவே இதைச் செய்யலாம். 'தகவமைத்துக்கொண்டது' என முடியும் ஐந்து வாக்கியங்களைப் பாடநூலிலிருந்தே எடுத்து, 'கொள்' வராமல் மாற்றி எழுதச் சொல்லவேண்டும். எழுத முயலும்போதே, எவை முன்பு வேறுபட்டிருந்தன, எவை இறந்தன என்னும் கேள்விகள் தாமாக வந்து நிற்கும்.

'தக்கன பிழைத்தல்' என்னும் தொடரும் தொல்லை தருவதே. இதன் ஆங்கில மூலத்தை உருவாக்கியவர் டார்வின் அல்லர். தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864 இல் உருவாக்கியதை, வாலஸின் யோசனைப்படி டார்வின் தம் நூலின் 1869 ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்தார். தமிழில் 'தக்கன' என்பது ஓரளவு பொருத்தமான சொல்லே. ஆனால் மாணவர் பேச்சில் அது 'வல்லவன் வாழ்வான்' ஆகி, 'வல்லான் வகுத்ததே வாய்க்கால்' என்னும் பழமொழியோடு போய் ஒட்டிக்கொள்கிறது. இயற்கைத் தேர்வில் தகுதி என்பது உடல் வலிமை அன்று, விட்டுச்செல்லும் வாரிசுகளின் எண்ணிக்கையே. ஆண் மயிலின் தோகை பறப்பதற்குச் சுமையானது, கொன்றுண்ணிகளின் கண்ணில் படக்கூடியது. பெண் மயில்கள் அத்தகைய ஆணையே நாடுவதால் அந்தச் சுமையும் தலைமுறைகளுக்குச் செல்கிறது.

'பரிணாம வளர்ச்சி' என்னும் தொடரில் உள்ள 'வளர்ச்சி' மற்றொரு சிக்கல். அது ஏணியை நினைவூட்டுகிறது. கீழ்ப்படியில் குரங்கு, மேற்படியில் மனிதன். "குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இப்போதுள்ள குரங்குகள் ஏன் மனிதனாகவில்லை?" என்று எந்த வகுப்பிலும் ஒருவராவது கேட்பார். நல்ல கேள்விதான். இன்றைய குரங்கு எதுவும் மனிதனின் பாட்டன் அன்று. மனிதனும் சிம்பன்சியும் ஏறத்தாழ 60 முதல் 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பொது மூதாதையிலிருந்து பிரிந்த இரு கிளைகள். பெரியப்பா மகன் இருக்கும்போது நான் எப்படி இருக்க முடியும் என்று யாரும் கேட்பதில்லை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'கூர்ப்பு' என்னும் சொல்லை ஆள்கின்றன. அதில் ஏணியின் சாயல் குறைவு. தமிழ்நாட்டு மாணவர்களுக்கு அச்சொல் பழக்கமில்லை என்றாலும், இரு நாட்டு நூல்களையும் இணையத்தில் படிப்பவர்கள் இரண்டும் ஒன்றே என அறிந்திருப்பது நல்லது. இனக்கூட்டம் என்பது அங்கே குடித்தொகை, சடுதிமாற்றம் என்பது விகாரம்.

செய்தித்தாளும் காகிதத் துண்டுகளும்

ஒரு விலங்கைப் பற்றி நினைப்பதிலிருந்து ஒரு கூட்டத்தைப் பற்றி நினைப்பதற்கு மாணவரைக் கொண்டுவருவதே இப்பாடத்தின் பாதி வேலை. அதற்குச் சொற்பொழிவை விட எண்ணிப் பார்ப்பது உதவும். பல நாடுகளில் வழக்கிலுள்ள ஒரு செயல்பாட்டை ஏறக்குறையச் செலவில்லாமல் செய்யலாம்.

மேசைமீது செய்தித்தாள் ஒன்றை விரிக்க வேண்டும். துளையிடும் கருவியால் வெட்டிய ஒரே அளவுள்ள 100 காகிதத் துண்டுகள் தேவை. அவற்றுள் 80 வெள்ளைத் தாளிலிருந்தும், 20 செய்தித்தாளிலிருந்தும் வெட்டப்பட்டவை. தாளின் மேல் தூவியபின், மாணவர்கள் பறவைகளாக மாறி, கண்ணில் பட்டதை ஒவ்வொன்றாக விரைந்து பொறுக்குகிறார்கள். 75 துண்டுகள் போனதும் நிறுத்த வேண்டும். எஞ்சிய 25 இல் அச்செழுத்துள்ளவை 15, வெள்ளை 10 என்று வைத்துக்கொள்வோம். எஞ்சிய ஒவ்வொன்றும் தன் நிறத்திலேயே மூன்று குட்டிகளை ஈனுகிறது. இப்போது அச்சுத் துண்டுகள் 60, வெள்ளை 40. மறுபடியும் 75 ஐப் பொறுக்கினால் 21 அச்சும் 4 வெள்ளையும் மிஞ்சலாம். பெருக்கத்திற்குப் பின் 84, 16. இரண்டே தலைமுறையில் 20 விழுக்காடு 84 ஆகிவிட்டது.

இங்கே ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "எந்தத் துண்டாவது நிறம் மாறியதா?" வகுப்பு சற்று நேரம் அமைதியாகும். எந்தத் துண்டும் மாறவில்லை, கூட்டம் மாறியிருக்கிறது.

பலர் இத்துடன் மேசையைத் துடைத்துவிடுகிறார்கள். உண்மையில் இரண்டாவது சுற்றே இச்செயல்பாட்டின் உயிர். இம்முறை 100 துண்டுகளும் வெள்ளையாக இருக்க வேண்டும். அதே செய்தித்தாள், அதே பறவைகள், அதே ஆபத்து. எத்தனை தலைமுறை ஓடினாலும் 100 உம் வெள்ளையாகவே இருக்கும். ஒளிந்துகொள்ள வேண்டிய தேவை அவற்றுக்கு முன்பைவிடக் குறைவில்லை. தேவை இருந்தால் மட்டும் போதாது, வேறுபாடு முன்கூட்டியே இருக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம். ஒரு தலைமுறையில் தற்செயலாக ஒரே ஒரு அச்சுத் துண்டைச் சேர்த்துப் பார்த்தால் சடுதிமாற்றத்தின் இடமும் புரியும். அந்த ஒரு துண்டு முதல் சுற்றிலேயே தற்செயலாகப் பொறுக்கப்பட்டுப் போவதும் உண்டு. அதையும் மறைக்கத் தேவையில்லை, இயற்கையிலும் அப்படித்தான்.

டாஃப்னே தீவின் குருவிகள்

காகிதத் துண்டுகள் விளையாட்டுத்தானே என்று மாணவர் எண்ணக்கூடும். அதற்கு உண்மையான கணக்குத் தேவை. கலாபகசுத் தீவுக்கூட்டத்தில் உள்ள டாஃப்னே மேஜர் என்னும் சிறு தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் 1973 முதல் பல பத்தாண்டுகள் குருவிகளை அளந்து வந்தனர். ஒவ்வொரு பறவையின் காலிலும் வண்ண வளையம் மாட்டி, அலகின் நீள அகலங்களைக் குறித்து, எது எதன் குஞ்சு என்பதையும் பதிவு செய்தனர்.

1977 இல் அங்கே மழை பொய்த்தது. நடுத்தரத் தரைக்குருவிகள் விரும்பித் தின்னும் சிறு விதைகள் சில மாதங்களில் தீர்ந்துவிட்டன. மிஞ்சியவற்றுள் முக்கியமானது டிரிபுலஸ் என்னும் தாவரத்தின் முள்ளுள்ள கடினமான காய். இது தமிழகத்துக் கட்டாந்தரைகளில் காலில் குத்தும் நெருஞ்சியின் நெருங்கிய உறவு. நெருஞ்சிக் காயைக் கையால் உடைக்க முயன்ற எவருக்கும் அந்தக் குருவிகளின் பாடு விளங்கும். அலகு தடித்த பறவைகளே அதை உடைத்து உள்ளிருக்கும் பருப்பை எடுக்க முடிந்தது. அத்தீவிலிருந்த அவ்வினப் பறவைகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு மடிந்தன. பிழைத்தவற்றின் சராசரி அலகுத் தடிப்பு, பஞ்சத்துக்கு முன்பிருந்த சராசரியைவிடச் சுமார் அரை மில்லிமீட்டர் அதிகம்.

அரை மில்லிமீட்டர்தானா என்று வகுப்பில் சிரிப்பு எழலாம். ஆசிரியர் அளவுகோலை எடுத்துக் காட்டுவது நல்லது. அந்த அரைக்கோடுதான் சாவுக்கும் வாழ்வுக்கும் இடையே நின்றது. எந்தக் குருவியின் அலகும் பஞ்சத்தில் வளரவில்லை என்பதைக் கால் வளையங்கள் காட்டின. அளக்கப்பட்ட அதே பறவைகளே பிழைத்தன அல்லது இறந்தன. அலகின் தடிப்பு பெற்றோரிடமிருந்து குஞ்சுகளுக்குச் செல்வது என்பதும் பதிவேட்டில் இருந்தது. ஆகவே அடுத்த தலைமுறைக் குஞ்சுகளின் அலகும் முந்தைய சராசரியைவிடத் தடிப்பாக இருந்தது.

கதை இங்கே நின்றிருந்தால் 'பெரிய அலகே உயர்ந்தது' என்னும் தவறான முடிவுக்கு மாணவர் போயிருப்பார். 1982-83 இல் எல் நினோவால் தீவில் பெருமழை பெய்தது. செடிகொடிகள் மண்டின, நெருஞ்சி பின்னுக்குப் போனது, சிறு விதைகள் பெருகின. அதன்பின் வந்த வறட்சியில் சிறிய அலகுள்ளவையே நன்கு பிழைத்தன. தேர்வின் திசை மாறிவிட்டது. ஏணி எதுவும் அங்கே இல்லை.

மிளகு அந்துப்பூச்சியும் ஒட்டிவைத்த படமும்

இங்கிலாந்தின் மிளகு அந்துப்பூச்சி இடம்பெறாத பாடநூல் அரிது. கரும்புகையால் மரங்கள் கறுத்த தொழில் நகரமான மான்செஸ்டரில் 1848 இல் கரிய வடிவம் முதலில் பதிவானது. 1895 இல் அங்கே ஏறத்தாழ 98 விழுக்காடு பூச்சிகள் கரியவை. 1956 இல் தூய காற்றுச் சட்டம் வந்தபின் கரியவை குறைந்து, இன்று அரிதாகிவிட்டன. வெளிர்நிறப் பூச்சிகளைப் புகைபடிந்த மரத்திலும் கரியவற்றைத் தூய மரத்திலும் பறவைகள் எளிதில் கண்டு தின்கின்றன என்பதை பெர்னார்ட் கெட்டில்வெல் 1950களில் சோதித்தார்.

இணையத்தில் தேடும் மாணவர் 'இந்தச் சோதனை பொய்' என்னும் செய்தியையும் சந்திப்பார். அதற்கு ஓர் அடிப்படை உண்டு. பாடநூல்களில் வரும் படங்களில் பல, இறந்த பூச்சிகளை மரத்தில் பொருத்தி எடுக்கப்பட்டவை. கெட்டில்வெல் பூச்சிகளை விட்ட முறையிலும் குறைகள் சுட்டிக்காட்டப்பட்டன. ஆசிரியர் இதை ஒளிப்பதைவிடச் சொல்லிவிடுவது நல்லது. ஏனெனில் தொடர்ச்சி சுவையானது. மைக்கேல் மஜேரஸ் என்னும் உயிரியலாளர் 2001 முதல் 2007 வரை கேம்பிரிட்ஜ் அருகே 4,864 பூச்சிகளை இரவில் இயல்பாக அமரவிட்டு மறுபடி சோதித்தார். அவர் மறைந்தபின் 2012 இல் வெளியான முடிவுகள், பறவைகளின் வேட்டையே காரணம் என்பதை உறுதி செய்தன. 2016 இல் கரிய நிறத்துக்குக் காரணமான மரபணு மாற்றம் கண்டறியப்பட்டது. அது நிகழ்ந்தது 1819 வாக்கில் என மதிப்பிடப்பட்டுள்ளது. புகை அந்த நிறத்தை உண்டாக்கவில்லை. தற்செயலாகத் தோன்றிய நிறத்துக்கு அது வாய்ப்பளித்தது.

"மருந்து உடம்புக்குப் பழகிவிட்டது"

இயற்கைத் தேர்வு தொலைதூரத் தீவுகளின் சங்கதி என்னும் எண்ணத்தைப் போக்க, மருந்துக்கடையைவிடச் சிறந்த இடம் இல்லை. நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்து பயனளிக்காதபோது, "மருந்து உடம்புக்குப் பழகிவிட்டது" என்று வீடுகளில் சொல்வதுண்டு. பழகியது உடம்பு அன்று. உடலில் இருந்த கோடிக்கணக்கான பாக்டீரியாக்களுள் மருந்தைத் தாங்கும் சில, மற்றவை அழிந்தபின் இடம் கிடைத்துப் பெருகியிருக்கின்றன. இந்த வேறுபாடு வெறும் சொல் வேறுபாடு ஆகாது. பழகியது உடம்பு என்றால் அது அந்த ஒருவரின் சிக்கல். பாக்டீரியாக் கூட்டம் மாறியிருந்தால், அது அடுத்த கட்டிலில் இருப்பவருக்கும் பரவும். வைரசால் வரும் சளிக்காய்ச்சலுக்கு இம்மருந்தை வாங்கி விழுங்குவதால் வைரசுக்கு ஒன்றும் ஆவதில்லை, உடலிலுள்ள பாக்டீரியாக்களுக்கே தேர்வு நடக்கிறது. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945 இல் நோபல் உரையிலேயே, போதாத அளவு மருந்து எதிர்ப்புத்திறனுள்ள நுண்ணுயிர்களை வளர்த்துவிடும் என எச்சரித்திருந்தார்.

மருந்து பட்டதால்தான் பாக்டீரியா மாறியதா, முன்பே மாறியிருந்ததா என்பது கூர்மையான மாணவர் கேட்கும் கேள்வி. இதற்கு எஸ்தர் லெடர்பெர்க், ஜோஷுவா லெடர்பெர்க் தம்பதியர் 1952 இல் வெல்வெட் துணியால் விடை கண்டனர். மருந்தில்லாத தட்டில் வளர்ந்த பாக்டீரியாத் திட்டுகளின் மேல் துணியை ஒற்றி எடுத்து, அதே துணியை மருந்துள்ள பல தட்டுகளில் ஒற்றினர். ரப்பர் முத்திரை குத்துவது போன்ற வேலைதான். எல்லாத் தட்டுகளிலும் ஒரே இடங்களில்தான் பாக்டீரியா முளைத்தது. மருந்தே பார்த்திராத மூலத் தட்டில் அந்த இடத்திலிருந்து எடுத்த பாக்டீரியாக்களும் எதிர்ப்புத்திறன் கொண்டிருந்தன. ஆகவே மாற்றம் முன்பே இருந்தது. காகிதத் துண்டுகளின் இரண்டாம் சுற்றோடு இதை இணைத்துக் காட்டினால், விளையாட்டும் அறிவியலும் ஒரே இடத்தில் வந்து சேரும்.

உழவுக் குடும்பத்து மாணவர்களுக்குப் பருத்தி வயல் இன்னும் நெருக்கமானது. பி.டி. பருத்தியைத் தாங்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு குஜராத்தில் இருப்பது 2010 இல் அறிவிக்கப்பட்டது. பி.டி. பருத்தியைச் சுற்றி ஐந்து வரிசையோ, பரப்பில் 20 விழுக்காடோ சாதாரணப் பருத்தி நட வேண்டும் என்னும் விதி இந்தியாவில் இருந்தது. புழுவுக்குத் தீனி போடுவதற்கு எதற்கு நிலம் என்று உழவர் கேட்பது நியாயமாகவே தோன்றும். அந்த வரிசைகளில் எதிர்ப்புத்திறன் இல்லாத புழுக்கள் பிழைத்து, எதிர்ப்புள்ளவற்றோடு கலந்து, எதிர்ப்பு பெருகுவதைத் தாமதப்படுத்துகின்றன. விதையோடு வந்த அந்தச் சிறு பையை வரப்போரம் வீசியவர்களுக்கு அதன் காரணத்தை யாரும் விளக்கிச் சொல்லியிருக்கவில்லை.

நீலகிரியும் கதிர் அரிவாள் செல்லும்

மனிதரிடமும் இயற்கைத் தேர்வு நடந்ததைக் காட்ட நல்ல சான்று கதிர் அரிவாள் செல் சோகை. இந்தியாவில் இது முதலில் பதிவானதே நீலகிரி மலைப் பழங்குடி மக்களிடம்தான். 1952 இல் லேமான், கட்புஷ் ஆகியோர் அதை அறிவித்தனர். இந்நோய்க்கான அல்லீல் தாய், தந்தை இருவரிடமிருந்தும் கிடைத்தால் கடும் நோய் வரும். ஒருவரிடமிருந்து மட்டும் கிடைத்தால், பெரும்பாலும் நோயின்றி, கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்புக் கிடைக்கும். ஆந்தனி ஆலிசன் 1954 இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் இத்தொடர்பைக் காட்டினார். மலேரியா மிகுந்த இடங்களில் கேடான ஓர் அல்லீல் மறையாமல் நிலைத்திருப்பதன் காரணம் இதுவே. மெண்டலின் பாடத்தை அப்போதுதான் முடித்த மாணவர்கள், சுமப்பவர் இருவரின் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்பதைத் தாமே கட்டம் போட்டுக் கண்டுபிடிப்பர்.

இதை நடத்தும்போது சற்றுக் கவனம் தேவை. வகுப்பிலேயே அந்நோயுள்ள குடும்பத்துப் பிள்ளை இருக்கலாம், குறிப்பாக நீலகிரி, கூடலூர்ப் பகுதிகளில். நோயைக் 'குறைபாடுள்ள இனம்' என்பதுபோல் பேசினால் பாடம் தன் பொருளுக்கே எதிராகப் போய்விடும். மலேரியாவில் குழந்தைகள் மடிந்த காலத்தில் பிழைக்க வைத்த ஓர் அல்லீலின் விலை அது என்று சொல்வது அறிவியல்படியும் சரியானது.

பாடத்திட்டத்தில் இடம்

தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு, பெருந்தொற்றுக் காலச் சுமைக் குறைப்பின் தொடர்ச்சியாக, 2023 இல் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதியை நீக்கியது. 'மரபுவழியும் பரிணாமமும்' என்றிருந்த இயல் 'மரபுவழி' என்று சுருங்கியது. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்ட கடிதம் இதை எதிர்த்தது. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பாடம் இருக்கிறதே என்பது அதற்குச் சொல்லப்பட்ட விடை. ஆனால் பத்தாம் வகுப்புக்குப் பின் கணினியோ வணிகவியலோ எடுப்பவர் அந்தப் பன்னிரண்டாம் வகுப்பு நூலைத் திறப்பதே இல்லை. பருத்தி நடுபவர், மருந்துக்கடையில் நிற்பவர், மருந்து வாங்குபவர் எல்லாம் பெரும்பாலும் அந்தக் கூட்டத்திலிருந்தே வருகிறார்கள். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்னும் பாடம் உண்டு. ஆயினும் அது நூலின் பின்பகுதியில், பொதுத்தேர்வு நெருங்கும் வேளையில் வருகிறது. லாமார்க், டார்வின் கொள்கைகளை வேறுபடுத்தி எழுதும் வினாவுக்கு விடை மனப்பாடமாகி, பாடம் முடிந்துவிடும்.

பத்தாம் வகுப்பு இதற்கு மிகவும் முன்கூட்டியது என்னும் வாதத்துக்கும் ஆய்வு இடம் தரவில்லை. டெபோரா கெல்மன் குழுவினர் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், 5 முதல் 8 வயதுக் குழந்தைகள், தும்பிக்கை போன்ற மூக்குள்ள கற்பனை விலங்குகளைப் பற்றிய படக்கதை ஒன்றின் மூலம் இயற்கைத் தேர்வின் அடிப்படையைப் புரிந்து, வேறொரு விலங்குக்கும் பொருத்திக் காட்டினர். சிறு வயதில் தவறான விளக்கம் இன்னும் வேரூன்றியிருப்பதில்லை என்பது இதற்கு ஒரு காரணமாகலாம்.

புரிந்ததை எப்படி அறிவது

வரையறை கேட்கும் வினாவால் இப்பாடத்தில் எதையும் அறிய முடியாது. சிவிங்கிக் கேள்வியைப் பாடத்துக்கு முன் ஒருமுறையும், பாடம் முடிந்து ஒரு மாதம் கழித்து ஒருமுறையும் எழுத வைத்து, இரு தாள்களையும் மாணவரிடமே தந்து ஒப்பிடச் சொல்வது நல்ல முறை. விடையில் எத்தனை சிவிங்கிகள் இருக்கின்றன, அவற்றுக்குள் வேறுபாடு சொல்லப்பட்டிருக்கிறதா, அது குட்டிகளுக்குச் செல்வது குறிக்கப்பட்டிருக்கிறதா, யார் இறந்தார்கள் என்பது தெரிகிறதா என அவர்களே மதிப்பிடலாம்.

சிவிங்கியில் தேறியவருக்கு அடுத்த கேள்வி, இருட்டுக் குகைகளில் வாழும் கண்ணில்லாத மீன்கள். "பயன்படுத்தாததால் கண் மறைந்தது" என்றே நன்றாகப் படித்தவரும் முதலில் எழுதுவார். வெளிச்சமுள்ள ஆற்றில் கண் கெட்டுப் பிறந்த மீனின் கதி என்ன, இருட்டில் அதே மீனின் கதி என்ன, பயனற்ற கண்ணை வளர்க்கச் செலவாகும் உணவு யாருக்கு மிச்சம் என்று மூன்று கேள்விகளைப் பக்கத்தில் எழுதித் தாளைத் திருப்பித் தந்தால் போதும், பெரும்பாலோர் மீதியைத் தாமே எழுதிவிடுவர்.